பரவி நிற்பதும் சிதறிப் போவதும்

2 ஜூன் 2024, குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி

"ஐயா, நான் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். உக்ரைன் போர்க்களக் காணொளிகளைப் பார்த்த பிறகு, ஒரு செக்‌ஷனின் 10 பேரும் அருகருகே நிற்கும் காலம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. ஆளுக்கொரு நல்ல வயர்லெஸ் செட், இருட்டில் பார்க்கும் கண்ணாடி, கையடக்க ட்ரோன் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் அந்தப் 10 பேரை ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பரப்பி நிறுத்தலாம். அந்தக் கருவிகளை இயக்கத் தெரிந்தால் போதும், வேறு பயிற்சி எதற்கு? இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்."

2 ஜூன், இரவு

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதியோடு எனக்கு வழக்கு இல்லை. நெருங்கி நின்றால் கூட்டமாகச் சாவார்கள் என்பது ட்ரோன் வந்த பிறகு தெரிந்த செய்தி அன்று. 1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில், ஹார்ட் என்ற பிரிட்டிஷ் தளபதி தம் பிரிகேடை அணிவகுப்புத் திடலில் நடத்துவதுபோல் நெருக்கமான வரிசையில் ஆற்றை நோக்கி நடத்திச் சென்றார். அகழிகளில் மறைந்திருந்த எதிரிகளான போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) கண்ணில் படவே இல்லை. ஏறத்தாழ 500 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அந்தப் போர் முடிவதற்குள் ஆளுக்கும் ஆளுக்கும் இடையே விடும் தூரத்தைப் பிரிட்டிஷ் படை பல மடங்கு கூட்டிவிட்டது. இன்று 155 மி.மீ. பீரங்கிக் குண்டு திறந்த வெளியில் வெடித்தால் 50 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கும் அது எமன்தான். அதற்கு மேல் இப்போது ட்ரோனும் சேர்ந்துவிட்டது.

என் மறுப்பு பின் பாதிக்கு. நான் காலாட்படையில் 22 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் ஒரு செக்‌ஷனின் பொறுப்பிலோ அதன் இரண்டாம் பொறுப்பிலோ கழிந்தது. வீட்டுக்கொருவர் படைக்குப் போவதால் இராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை என் ஊர். ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தக் கருவி உதவும்; தள்ளி நிற்பவர்களை ஒரே செக்‌ஷனாக வைத்திருப்பது, மற்றவன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒவ்வொருவனுக்கும் முன்கூட்டியே இருக்கும் தெளிவு. அந்தத் தெளிவு இல்லாவிட்டால் பரவி நிற்பது என்பது சிதறிப் போவதற்கு இன்னொரு பெயராகிவிடும். இதை ஒரே இரவில் எழுதி முடிக்க முடியாது. நினைவுக்கு வர வர எழுதுகிறேன்.

3 ஜூன்

நேற்று விட்டுப் போனது இடைவெளிக் கணக்கு. நம் காலாட்படையில் ஒரு செக்‌ஷனுக்கு 10 பேர். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் சேர்ந்தால் ஒரு கம்பெனி. 5 மீட்டருக்கு ஒருவராக நடந்தால் செக்‌ஷன் கமாண்டர் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பார்வையில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். குரல் எட்டும், கைச்சைகை தெரியும். 50 மீட்டருக்கு ஒருவர் என்றால் முகப்பு 500 மீட்டர் ஆகிவிடுகிறது. மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அதை நம்பி, எங்கள் பக்கத்து மலைகளில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. யானை உயரப் பாறைகளும் வேலிக்காத்தான் புதர்களும் அங்கே இருக்கின்றன; 60 மீட்டர் நடந்த ஆள் மறைந்துபோவான்.

4 ஜூன்

ஒரு திருத்தம். 10 பேருக்கு நடுவே 9 இடைவெளிகள்தான் இருக்கும். ஆகவே 450 மீட்டர். ஆம்பூரிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி.

அந்தக் கணக்கில் அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருக்கிறது. 50 மீட்டருக்கு ஒருவர் என்று ஒற்றை ஆளாக நிறுத்துவதை நான் எந்தக் காலத்திலும் ஏற்க மாட்டேன். படையில் பட்டி, அதாவது கூட்டாளி, என்று சொல்வோம். இருவர் ஒரு ஜோடி, ஒருவன் தூங்கினால் ஒருவன் விழித்திருப்பான், ஒருவன் சுட்டால் ஒருவன் நகர்வான். 10 பேர் என்றால் 5 ஜோடி, 4 இடைவெளி. 100 மீட்டருக்கு ஒரு ஜோடி வைத்தால் 400 மீட்டர். ஏறக்குறைய அதே முகப்புதான், ஆனால் ஓர் ஆள்கூடத் தனியாக இல்லை. தனியாக இருக்கும் ஆள் இருட்டில் இரண்டு மணி நேரத்துக்குமேல் நம்பத்தக்க காவலாளி ஆக மாட்டான். வீரம் குறைந்து அல்ல, தான் கேட்ட சத்தத்தை மற்றவனும் கேட்டானா என்று உறுதிசெய்துகொள்ள அவனுக்கு வழி இல்லை.

6 ஜூன்

இந்த ஜோடிப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட இரவைப் பற்றி எழுத வேண்டும். 1990களின் பிற்பகுதி, அப்போது நான் லான்ஸ் நாயக். வடக்கே ஒரு மலைப்பகுதியில் இரவுப் பயிற்சி, எதிரி யாரும் கிடையாது. ஒரு ஒற்றையடிப் பாதையின் ஓரமாகச் செக்‌ஷனைப் பதுங்க வைத்திருந்தோம். வயர்லெஸ் செட் செக்‌ஷனுக்கு ஒன்றுதான், அதுவும் கமாண்டரிடம். எங்களுக்குள் பேச்சுக்குப் பதிலாகக் கயிறு. பாராசூட் நாடா போன்ற மெல்லிய கயிறு ஒன்று ஆளிலிருந்து ஆளுக்குப் போகும். ஒருமுறை இழுத்தால் விழித்திரு, இருமுறை என்றால் ஆள் வருகிறான், மும்முறை என்றால் எழுந்து சந்திப்பிடத்துக்குப் போ. கையுறை மாட்டியிருந்தால் மெல்லிய இழுப்பு தெரியாது; அதனால் ஆள்காட்டி விரலை மட்டும் வெளியே விட்டுக் கயிற்றின் நுனியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வோம். விடியும்போது அந்த விரல் மரத்துப்போய், கயிறு இருந்த இடத்தில் கரிய கோடு விழுந்திருக்கும்.

வலது கடைக்கோடியில், பாறை வளைவுக்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கத்துப் புதுப் பையன் ஒருவனைத் தனியாக வைத்தேன். "நான் கூப்பிடும் வரை இங்கேயே இரு" என்று சொன்னது நான்தான். நள்ளிரவுக்குப் பின் இடம் மாறும்படி உத்தரவு வந்தது. மும்முறை இழுத்தேன். எல்லோரும் சந்திப்பிடத்துக்கு வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. பாறை விளிம்பில் உரசி உரசிக் கயிறு அறுந்திருந்தது. நான் இழுத்த முனையில் யாரும் இல்லை. அந்த இருட்டில் தேடப் போனால் இன்னும் இருவர் தொலைவார்கள் என்று விடியும் வரை நிறுத்திவைத்தார்கள். காலை 8 மணி தாண்டி நான் போய்ப் பார்த்தபோது, அறுந்த கயிறு விரலில் சுற்றியபடியே, துப்பாக்கி பாதையை நோக்கியபடியே, வைத்த இடத்தில் வைத்தபடி படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் கூப்பிடவில்லையே, உஸ்தாத்" என்றான்.

அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை. உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவன் அவன். எதற்காக அங்கே இருக்கிறாய், எந்த நேரம் வரை இருக்க வேண்டும், இழுப்பு வராவிட்டால் என்ன செய்ய வேண்டும், மற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு எதிரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யார் கடிதம் எழுதியிருப்பார்கள் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, "நான் கூப்பிடும் வரை" என்ற சொற்களை நான் எந்த உத்தரவிலும் பயன்படுத்தவில்லை. 4 மணி வரை இரு, அதற்குள் இழுப்பு வராவிட்டால் நீயே கிளம்பி இன்ன இடத்துக்கு வா என்றுதான் சொன்னேன்.

9 ஜூன், ஞாயிறு

காலையில் கணியம்பாடிப் பக்கத்து மலையடியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வாரந்தோறும் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். இன்று ஓட்டத்துக்குப் பதிலாக அவர்களை 5 ஜோடியாக 400 மீட்டருக்குப் பரப்பி நிறுத்தினேன். கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டேன். கீழே போகும் ஆட்டுப் பாதையைக் கவனித்து, போகிறவர் வருகிறவரைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு மணி நேரம். வேறெதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன்.

இருபது நிமிடத்தில் நடுவிலிருந்த ஜோடியை நோக்கி மற்றவர்கள் ஊர ஆரம்பித்தார்கள். ஒருவன் நிழலுக்காக என்றான், ஒருவன் பாதை தெரியவில்லை என்றான், இன்னொருவன் காரணமே சொல்லவில்லை. நாற்பதாம் நிமிடத்தில் பத்துப் பேரும் ஒரே பாறையின் பின்னால், முப்பது மீட்டருக்குள் இருந்தார்கள். பரப்பி நிறுத்துவதற்கு முதல் தடை எதிரி அன்று. ஆள் ஆளைத் தேடிப் போகும் இயல்பு. சுடாத மலையிலேயே இப்படி என்றால், குண்டு விழும்போது பக்கத்து ஆளின் தோளைத் தேடாமல் இருக்க எத்தனை முறை பழகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு அவர்களைப் பாலாற்று மணலுக்குக் கூட்டிப்போய் மலையை மணலில் கட்டினோம். செங்கல் துண்டு பாறை, சணல் கயிறு பாதை, புளியங்கொட்டை ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. படையில் இதைச் சாண்ட் மாடல் என்போம். எத்தனை விலையுயர்ந்த திரை வந்தாலும், முட்டிபோட்டு மண்ணில் கைவைத்துப் பார்த்த நிலம் மனத்தில் நிற்பதுபோல் நிற்பதில்லை. ஒவ்வொருவனும் தன் புளியங்கொட்டையை மட்டும் காட்டாமல், தனக்கு இடமும் வலமும் இருக்கும் ஜோடிகள் எதைப் பார்க்கின்றன, தான் சுட்டால் அவர்கள் எங்கே நகர்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

10 ஜூன்

கருவியைப் பற்றி நான் கண்டுகொள்ளவில்லை என்று குடியாத்தம் தம்பி வருத்தப்பட்டிருக்கிறார். நியாயமான வருத்தம். அன்று என் கையில் ஒரு வயர்லெஸ் செட்டும், கடைக்கோடியில் ஒரு செட்டும் இருந்திருந்தால் அந்தப் பையன் இரவு முழுவதும் அங்கே கிடந்திருக்க மாட்டான். ஆகவே பரவி நிற்கும் செக்‌ஷனில் 10 பேருக்கும் 10 செட் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

15 ஜூன்

ஐந்து நாள் முன்பு எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். சிக்னல் படையில் இருந்து ஓய்வுபெற்ற அரக்கோணத்து சுபேதார் ஐயா ஒருவர் நீண்ட மறுப்பு எழுதினார். அவர் சொன்னது இது: பேசுகிற செட் என்பது இருட்டில் ஏற்றிவைத்த விளக்கு; அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி இரண்டு எதிரியிடம் இருந்தால், பேசியவன் நிற்கும் இடம் வரைபடத்தில் விழுந்துவிடும், அடுத்து விழுவது குண்டு. உக்ரைனில் இரண்டு தரப்பும் இதைத் தினமும் செய்கின்றன. அலைவரிசையையே மூடி யாரும் பேச முடியாமல் செய்வதும் அங்கே அன்றாட வேலை. அதோடு சிறிய செட்டுகளின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. எங்கள் ஊர்ப் பாறை ஒன்று குறுக்கே நின்றால் 300 மீட்டரிலேயே கரகரப்புதான் கேட்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதை நானே கண்டிருக்கிறேன். மாற்றுப் பேட்டரியை உடம்போடு ஒட்டி, சட்டைக்குள் வைத்துத் தூங்குவோம்.

ஆகவே என் இன்றைய கருத்து: எல்லோருக்கும் காதில் கேட்கும் கருவி இருக்கட்டும், வாய்திறக்கும் உரிமை ஜோடித் தலைவனுக்கு மட்டும், அதுவும் முன்பே பேசி வைத்த ஒற்றைச் சொற்களில். மதராஸ் ரெஜிமெண்டில் உத்தரவு இந்தியில் வரும். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் தமிழன் தமிழிலும் மலையாளி மலையாளத்திலும்தான் கத்துவான். நாலு மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே பொருள் தரும் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பொறுக்கி, அவை தூக்கத்திலும் வரும் வரை பழக்க வேண்டும். செட் செத்துப்போனால் விசில், விசிலும் கேட்காத தூரம் என்றால் கயிறு, கயிறும் அறுந்தால் கைக்கடிகாரம். நேரம் குறித்துக் கொடுத்த உத்தரவை யாராலும் அலைவரிசையில் மறித்துவிட முடியாது.

16 ஜூன்

ஒரு சிறு பிரிவு தனியாக நின்று போர்செய்ய என்ன ஆயுதம் வேண்டும் என்ற கேள்விக்கு விடை 1917 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை செய்த மாற்றத்தில் இருக்கிறது. அதற்குமுன் கம்பெனியில் அநேகமாக எல்லோர் கையிலும் ஒரே துப்பாக்கி. கம்பெனிதான் தனித்து இயங்கக்கூடிய மிகச் சிறிய அலகு. அந்த மாதத்திலிருந்து பிளாட்டூனுக்குள்ளேயே ஒரு செக்‌ஷனுக்கு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி, ஒன்றுக்குக் கையெறி குண்டு, ஒன்றுக்குத் துப்பாக்கி முனையிலிருந்து எறியும் குண்டு, ஒன்றுக்கு வெறும் துப்பாக்கி என்று பிரித்தார்கள். முப்பது நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் இளம் அதிகாரி, மேலே கேட்காமலே, ஒரு பக்கம் சுட்டு அடக்கி மறுபக்கம் சுற்றிப்போக முடிந்தது. இன்று நாம் அதையே 10 பேரிடம் கேட்கிறோம். நாளை 4 பேரிடம் கேட்போம்.

எல்எம்ஜி என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி என்று வரும்போது எனக்குக் கவலை உண்டு. செக்‌ஷனுக்கு ஒன்றுதான் என்றால், 400 மீட்டர் முகப்பில் அதை எங்கே வைப்பது? நடுவில் வைத்தால் இரண்டு கடைக்கோடிக்கும் தலா 200 மீட்டர். சுடும் தூரம் ஒரு பொருட்டே அன்று, குறுக்கே நிற்கும் பாறைதான் பொருட்டு. கடைக்கோடியில் வைத்தால் மறுகோடி அனாதை. நான் வைத்த வரையில், பாதை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்துக்கு இரண்டாம் ஜோடியிடம் வைத்தேன். அதுவும் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது.

அமெரிக்க மரைன் படை 2018 மே மாதம் தன் 13 பேர் ஸ்குவாடை 12 ஆக்கியது: மூவர் மூவராக மூன்று அணி, ஒரு தலைவன், ஒரு துணைத் தலைவன், ட்ரோனையும் மற்ற மின்னணுக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவன். சில ஆண்டு பழகிப் பார்த்தபின் மீண்டும் 13 பேருக்கே வந்துவிட்டார்கள். தம்பி, நீங்கள் கேட்ட ஆளுக்கொரு ட்ரோன் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ட்ரோனை ஓட்டுகிறவன் கண் திரையில் இருக்கும். அந்த நேரம் அவனுக்காக வேறொருவன் சுற்றும் பார்க்க வேண்டும். 10 பேரும் திரையைப் பார்த்தால் மலையைப் பார்ப்பது யார்?

23 ஜூன்

சுமை. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நடந்தவனுக்குத் தெரியும். இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 மி.மீ. ரவை ஒன்று சுமார் 12 கிராம். 2019இல் வாங்கத் தொடங்கிய சிக் 716 துப்பாக்கியின் 7.62 மி.மீ. ரவை அதைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 24 கிராம். 200 ரவை எடுத்துக்கொண்டால் ஒன்றில் 2.4 கிலோ, மற்றதில் 4.8 கிலோ, மேகசின் எடை தனி. பெரிய ரவை அடித்தால் எதிரி எழ மாட்டான் என்பது அதன் நியாயம். ஆனால் கம்பெனியோடு சேர்ந்து நிற்பவனுக்குத் தீர்ந்தால் பின்னாலிருந்து வரும். பரவி நிற்கும் ஜோடிக்கு முதுகில் இருப்பதுதான் மொத்தக் கிடங்கு. அதோடு தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. எங்கள் ஊர் ஜூன் வெயிலில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 லிட்டர் இல்லாமல் மலைமேல் நிற்க முடியாது. அதற்குமேல் பேட்டரி, அதற்குமேல் சாப்பாடு.

கருவி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் இலேசானதுதான். எல்லாம் ஒரே பிட்டுவில், அதாவது முதுகுப்பையில், ஏறும்போது ஆள் குனிந்துவிடுகிறான். குனிந்து நடப்பவன் பார்ப்பது தன் பூட்ஸ் நுனியை. கருவிப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பிட்டுவை ஒருமுறை தாங்களே முதுகில் ஏற்றி அமிர்திக் காட்டுப் பக்கம் ஒரு மேடு ஏறிப் பார்த்தபின் பட்டியலை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

30 ஜூன்

காயம்பட்டவனைப் பற்றி எழுதாமல் இதுவரை தள்ளிப்போட்டேன், எழுதுவதற்கு மனம் வரவில்லை. தொடையின் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். சேர்ந்து நிற்கும் செக்‌ஷனில் நர்சிங் உதவியாளர் ஓடி வருவார். 100 மீட்டருக்கு ஒரு ஜோடி என்றால் அந்த நிமிடங்களில் கைக்கு எட்டுவது பட்டி ஒருவன்தான், அவனும் சுட்டுக்கொண்டிருப்பான். ஆகவே இரத்தத்தை இறுக்கிக் கட்டும் பட்டை ஒவ்வொருவன் மார்பிலும், எந்தக் கையாலும் எடுக்கக்கூடிய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒற்றைக் கையால், கண்ணைக் கட்டிக்கொண்டு, தன் தொடையில் தானே இறுக்கப் பழக வேண்டும். இதைத் துப்பாக்கி பிரித்துப் பூட்டும் பயிற்சியைப்போல் தினமும் செய்ய வைப்பேன். அடுத்த பிரச்சினை தூக்கிச் செல்வது. மலையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர் வேண்டும். ஒருவன் விழுந்தால் ஐந்து ஜோடியில் பாதி அந்த ஸ்ட்ரெச்சரில் போய்விடும்.

1943 பிப்ரவரியில் விங்கேட் என்ற பிரிட்டிஷ் தளபதி சுமார் 3,000 பேரைப் பல தனி அணிகளாகப் பிரித்துப் பர்மாவுக்குள் ஜப்பானியர் முதுகுப்பக்கம் அனுப்பினார். கோவேறு கழுதையில் ஏற்றிய வயர்லெஸ், அது கேட்கும் இடத்தில் விமானத்திலிருந்து விழும் உணவும் துப்பாக்கி ரவையும். உள்ளே போனது நடந்தது. திரும்பும்போது ஆற்றைத் தாண்ட முடியாமல் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வந்தார்கள். 800க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. நடக்க முடியாதவர்களை வழியில் விட்டுவர வேண்டியிருந்தது. பரவிப் போகும் திட்டம் எதையும் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, காயம்பட்டவனை யார், எந்த வழியாக, எத்தனை மணிக்குள் கொண்டுவருவார்கள் என்ற பத்தியை. அது இல்லாத திட்டத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டேன்.

1987 அக்டோபர் 11 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் இறக்கப்பட்ட இந்திய அமைதிப்படையின் 13ஆம் சீக்கிய இலகு காலாட்படைப் பட்டாலியனைச் சேர்ந்த 30 பேரையும் இங்கே நினைக்கிறேன். பின்னால் வரவேண்டிய ஹெலிகாப்டர்கள் சுடுதலால் இறங்க முடியவில்லை. 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். யாருடைய நியாயம் எது என்பது வேறு பேச்சு. அடுத்தவர்கள் வந்துவிடுவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் ஒரு சிறு பிரிவைத் தனியே நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

10 ஜூலை

இன்று காலை வேலூர் மக்கானில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்குப் போய்வந்தேன். 1806 ஜூலை 10, விடியலுக்கு முன்பு கோட்டைக்குள் எழுந்த நம் சிப்பாய்கள் ஒரே வீச்சில் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய துணிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். பிறகு என்ன ஆயிற்று? பலர் சூறையாடப் போனார்கள், சிலர் வெளியேறினார்கள். வாசலின் மேல் மதிலில் ஒதுங்கியிருந்த 69ஆம் ரெஜிமெண்டின் எஞ்சிய வெள்ளைச் சிப்பாய்களை முடிக்கவோ வாசலைக் காக்கவோ ஒருவரும் பொறுப்பாக நிற்கவில்லை. சுமார் 25 கிலோமீட்டரில் இருந்த ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு வந்து, கயிறு பிடித்து அந்த மதிலில் ஏறி, பின்னால் வந்த பீரங்கியால் வாசலை உடைத்தார். காலைப் பொழுதுக்குள் எல்லாம் முடிந்தது.

ஜூன் 2 அன்று பரவுவது வேறு, சிதறுவது வேறு என்று எழுதியபோது எனக்கு இந்தக் கோட்டை நினைவில் இல்லை. இன்று தூணுக்கு முன் நின்றபோதுதான் உறைத்தது. அன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே கோட்டைக்குள், கூப்பிடு தூரத்தில் இருந்தும் சிதறிப் போனார்கள். அடுத்தது என்ன என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை. தூரத்தைக் குறைத்தால் கட்டுக்கோப்பு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

12 ஜூலை

குடியாத்தம் தம்பி கடைசியாகக் கேட்டிருப்பது: நான்கே ஆண்டுப் பணி, அதற்குப்பின் 25 விழுக்காடு வரைதான் நிலைப்பு என்று இருக்கும்போது, தன்னைப் போன்ற அக்னிவீரர் தனியாக ஒரு ஜோடியை நடத்தும் அளவுக்குப் பயிற்சி பெற முடியுமா என்பது. முதலில் முடியாது என்றுதான் எழுதிவைத்தேன். எங்கள் காலத்தில் நாயக் பட்டை ஏறுவதற்கு எத்தனையோ ஆண்டு ஆனது. பதவி உயர்வுக்கான கேடர் வகுப்பில் தேறிய பின்னும் மூத்த ஹவில்தார் ஒருவர் நிழலில் நின்று பல இரவுகள் பார்த்துத்தான் கற்றோம்.

அதை அழித்துவிட்டேன். காரணம் ஜூன் 30 அன்று நடந்த இரண்டாம் சோதனை. அதே மலை, அதே 5 ஜோடி. இம்முறை எதற்காக, எதுவரை, தொடர்பு அற்றால் என்ன என்று எல்லாம் மணலில் சொல்லி முடித்துத்தான் அனுப்பினேன். 8 மணிக்கு மூன்று விசில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, கொடுக்காமல் இருந்தேன். 8.10க்கு இடப்பக்கக் கடைசி ஜோடி நகர்ந்தது. ஒருவன் 20 அடி போய் நிற்க, மற்றவன் அவனைத் தாண்டிப் போக, மாறி மாறி, பாதையைத் தவிர்த்து, பனைமரத்தடிச் சந்திப்பிடத்துக்கு 8.25க்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஜோடியின் தலைவனுக்கு வயது 17. வந்தவுடன் மற்ற நாலு ஜோடியும் எந்த வழியாக வரும் என்று கையால் காட்டிவிட்டு, அந்தத் திசைகளைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஜோடி அவன் காட்டிய வழியில் வந்தது. நாலாவது ஜோடி விசிலுக்காக 9 மணி வரை உட்கார்ந்திருந்தது.

ஆகவே ஆண்டுக் கணக்கு மட்டும் இதைத் தீர்மானிக்காது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாம் ஆண்டிலேயே ஜோடியின் பொறுப்பைக் கொடுத்து, பிழைசெய்ய விட்டு, அந்தப் பிழையை மணலில் மறுபடி போட்டுக் காட்டினால் முடியும். இரவில் முடியுமா என்பதை இன்னும் நான் பார்க்கவில்லை.

தம்பி, குடியாத்தத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குக் கணியம்பாடி பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, முள்ளுத் தாங்கும் பழைய பூட்ஸ், மணி பார்க்கக் கைக்கடிகாரம். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். 9 மணி வரை விசிலுக்காக உட்கார்ந்திருந்த அந்த ஜோடியில் ஒருவனோடுதான் உங்களைச் சேர்க்கப் போகிறேன். 400 மீட்டருக்கு நைலான் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். பாறையில் உரசும் இடங்களில் சுற்றப் பழைய சைக்கிள் டியூப் இரண்டு கொண்டுவாருங்கள்.